சோணையம்மாள் பலகையை இழுக்கவில்லை

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வந்த தடத்தைப் பார்த்துவிடுவார்கள். மாரியூர் சோணையம்மாள் அதில் ஒரு படி மேல். முகத்தைப் பார்க்கவே மாட்டாள். யார் பேசினாலும் தரையைப் பார்த்துத் தலையாட்டுவாள். இருபத்தெட்டு வருடமாக உப்பு வாருகிறாள். அவள் குரல் உரத்துக் கேட்டதாக யாரும் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உப்பளத்துக்கு வந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. வந்த மூன்றாம் மாதம் அது நடந்தது. உப்பு பூத்து அமரும் நேரத்தில் யாரோ ஒருவர் பாத்திக்குள் காலை வைத்துவிட்டார். சேறு கலங்கிவிட்டது. அந்தப் பாத்தி உப்பு இனி விலை போகாது. கங்காணி கூட்டத்திலேயே சின்னவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"நான் இல்ல. என் காலை வச்சுப் பாருங்க" என்றாள் சோணை.

அவள் காலைத் தூக்குவதற்குள் கங்காணி வாருபலகையை வாங்கி அந்தத் தடத்தின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். "எங்கடி தடம்? காட்டு" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு வேலை இல்லை. அதன் பிறகுதான் அவள் பேச்சு சுருங்கிப்போனது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் யுவராணியிடம்கூட.

யுவராணி அம்மாவுக்கு நேர் எதிர். ஆள் உயரம், பேச்சு உரம். பள்ளிக்கூடத்தில் கைப்பந்து விளையாடியவள், பிறகு கடற்கரை மணலில் இருவர் ஆடும் பந்துக்கு மாறினாள். ஜோடி, பெரியபட்டினத்து லாமியா. முழுக்கை சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக லாமியா பந்தைப் பாய்ந்து எடுத்தால் மணலில் ஆளே மறைந்து எழுவாள்.

இந்தச் சித்திரையில் மாரியூர்க் கடற்கரையில் எட்டு நாட்டுப் பெண் பிள்ளைகள் வந்து ஆடும் நட்புக் கோப்பைப் போட்டி நடந்தது. எல்லாரும் பதினெட்டு வயதுக்குள். போட்டி நடத்தும் மாவட்டத்துக்கென்று கொடுத்த இடத்தில் யுவராணியும் லாமியாவும் ஆடினார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்தச் சான்றிதழை வைத்துக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த யுவராணிக்கு வேறு வழியில் கல்லூரி கிடையாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆடுகளத்து மணலை மட்டம் செய்ய உப்பளத்துப் பெண்கள் எட்டுப் பேரைப் போட்டிக் குழுவின் உக்கிரபாண்டி கூட்டி வந்திருந்தார். கழுத்தில் படம் போட்ட அட்டை, தலையில் தொப்பி, கையில் பலகை. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் காலடிகளை இழுத்து மட்டமாக்க வேண்டும். நாலு நாள் வேலை.

முதல் நாள் காலையில் நடுவராக வந்த ஜப்பான்கார அம்மாள் பெண்களைக் கூட்டி, பந்தை மணலில் அழுத்தி எடுத்தார். நீல நாடாக் கோட்டை ஒட்டிப் பந்தின் வட்டம் பதிந்தது. கூட நின்ற பெண் தமிழில் சொன்னாள்: "பந்து கோட்டில் பட்டதா என்று சந்தேகம் வந்தால், நடுவர் இறங்கி வந்து பார்க்கும்வரை இந்தத் தடத்தில் பலகை படக் கூடாது." மற்றவர்கள் டீ டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சோணையம்மாள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளில் பிள்ளைகள் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டார்கள். இலங்கையிலிருந்து வந்த ஜோடியில் ஒருத்தி மன்னார்ப் பெண் அன்ரனிற்றா. இன்னொருத்தி சந்துனி, அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. யுவராணி முதல் பாடமாக "ஏலே" சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து சந்துனி பந்தையும் ஏலே என்றாள், டீக்காரரையும் ஏலே என்றாள்.

"ஏலே, குட் மார்னிங்!" என்று அவள் உக்கிரபாண்டியைப் பார்த்துக் கும்பிட்டபோது லாமியா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருலே இதுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று உக்கிரபாண்டி அதட்டினார்.

"எங்களுக்குத் தெரியாது அங்கிள். அவ பிறந்ததிலேருந்தே அப்படித்தான்" என்றாள் யுவராணி.

மூன்றாம் நாள் மாலை அரையிறுதி. யுவராணி ஜோடிக்கு எதிரே வந்து நின்றது இலங்கை. கயிற்றுக்கு வெளியே ஊரே கூடிவிட்டது. இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் முதலில் பதினைந்து எடுப்பவர்களுக்கு வெற்றி. பதிமூன்றுக்குப் பதிமூன்று. அன்ரனிற்றா ஓங்கி அடித்த பந்து யுவராணியின் பின்கோட்டில் விழுந்து எகிறியது. கொடியோடு நின்ற உள்ளூர் வாத்தியார் கொடியை மேலே தூக்கினார். அவுட். கூட்டம் கடலுக்குக் கேட்கிற மாதிரி கத்தியது. பதினாலு யுவராணி ஜோடிக்கு. இன்னும் ஒன்றுதான்.

அன்ரனிற்றாவுக்கு மனம் ஆறவில்லை. நடுவரிடம் முறையிட நேரம் வேண்டுமென்று கையைக் குறுக்கே வைத்து டைம்-அவுட் கேட்டாள். அங்கேதான் தவறு செய்தாள். டைம்-அவுட் என்றால் பலகைகள் உள்ளே வரும். சீட்டி ஊதியதும் எட்டுப் பலகையும் இறங்கின. பின்கோடு சோணையம்மாளின் பங்கு.

அவள் ஓடி வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். வட்டம் பாதி மணலில், பாதி நாடாவுக்கு அடியில். நாடாவின் விளிம்பு ஒரு நெல்லளவு மணலுக்குள் அமுங்கியிருந்தது.

பலகையைத் தடத்துக்கு முன்னால் ஊன்றி நின்றுகொண்டாள்.

"சோணை, என்ன மரமாட்டம் நிக்கிறே? இழுத்து விடு" என்றார் உக்கிரபாண்டி.

"தடம் இருக்குண்ணே."

"இருந்தா என்ன? இழுக்கத்தானே உன்னைக் கூட்டியாந்தேன்."

"நடுவரம்மா பாக்கட்டும். பாத்தப்பறம் இழுக்குறேன்."

உக்கிரபாண்டிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நாலு சொல் சேர்ந்தாற்போல் அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. "அடக் கிறுக்கச்சி, அங்கன ஆடுறது உன் மகடி!"

"தெரியும்."

கயிற்றுக்கு வெளியே விஷயம் பரவியது. "நம்ம படகு அக்கரையில கெடந்து மக்குது. இவ அவளுகளுக்குப் பலகை பிடிக்கிறா பாரு!" என்று ஒரு குரல். "சோறு எந்தக் கரையில திங்கிறா கேளு" என்று இன்னொன்று. யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் அவள் காலருகே வந்து விழுந்தது.

யுவராணி ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அம்மா, இழுத்துட்டுப் போம்மா. அவுட்டுன்னு சொல்லியாச்சு. நீ ஏம்மா நடுவுல?"

"நீ வந்து பாரு."

"நான் பாக்க மாட்டேன்."

பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சோணையம்மாளுக்கும் அது தெரிந்தது.

உக்கிரபாண்டி பக்கத்தில் நின்ற உப்பளத்துக்காரி வீரலட்சுமியின் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சோணையம்மாள் அந்தப் பலகையைப் பார்த்தாள். பதிமூன்று வயதில் அவள் நின்றுகொண்டிருந்தாள், அதுதான் பிழை. இப்போது சேலையைச் சுருட்டிக்கொண்டு சட்டென்று மணலில் உட்கார்ந்தாள். தடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.

"இழுக்கணும்னா என் காலு மேல இழுங்க."

முதல்முறையாக அவள் தலையை நிமிர்த்தி ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். உக்கிரபாண்டியின் பலகை அந்தரத்தில் நின்றது. "ஏலே! நோ!" என்று சந்துனி அவரைப் பார்த்துக் கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான், அன்ரனிற்றாவின் முறையீட்டைக் கேட்டுக்கொண்டிருந்த நடுவரம்மாள் திரும்பிப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மண்டியிட்டுக் குனிந்தார். எழுந்து உள்ளங்கையைத் தரை நோக்கிக் காட்டினார்.

உள்ளே.

பதினாலு இலங்கைக்கு. அடுத்த பந்தில் பதினைந்து.

ஆட்டம் முடிந்ததும் உக்கிரபாண்டி அவள் கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "நாளைக்கு இந்தப் பக்கம் தலை தெரியக் கூடாது." அவர் போனதும் அன்ரனிற்றா வந்து அவள் கையைப் பிடித்தாள். "அன்ரி, நன்றி. நீங்கள் இல்லாட்டில் எங்கட கதை முடிஞ்சிருக்கும்."

"எனக்கு எதுக்கு நன்றி? பந்து உள்ள விழுந்துச்சு. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு நடக்கும்போது யுவராணி பத்தடி முன்னால் போனாள். வாசலில் நின்று திரும்பினாள். "எனக்குன்னு இருந்தா இப்படி உக்காந்திருப்பியா?"

"உனக்குன்னா படுத்தே கெடந்திருப்பேன்."

பிறகு, இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். பாத்தி, கங்காணி, ஒரே இழுப்பு. அவ்வளவுதான் சொன்னாள், அழவில்லை. "கண்ணுக்கு முன்னாடி இருக்குறதை அழிச்சுட்டுக் காட்டுன்னு கேப்பாங்க பாரு, அதை நான் செய்ய மாட்டேன். உனக்காகவும் மாட்டேன்."

"காலேஜ் போச்சேம்மா."

"நாளைக்கு மூணாமிடத்துக்கு ஆட்டம் இருக்குல்ல. போய் எடு."

யுவராணி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சோறும் சாப்பிடவில்லை.

காலையில் சோணையம்மாள் தன் சொந்த வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியில் வீரலட்சுமி மறித்தாள். "மதினி, அட்டை இல்லாம வாசல்ல விட மாட்டாங்க."

"கடலுக்கு ஏது வாசல்?"

அலையோரமாகவே நடந்து, கடல் பக்கத்துக் கயிற்றை ஒட்டி வெளியே நின்றுகொண்டாள். உக்கிரபாண்டி தூரத்திலிருந்து கையை ஆட்டினார். "நான் உள்ள வரலையே. கரையிலதானே நிக்குறேன்" என்றாள், அவர் காதில் விழும்படி.

எதிர் ஜோடி வியட்நாம். முதல் செட்டின் கடைசிப் பந்து. யுவராணி அடித்தது எதிர்ப்பக்கக் கோட்டோரம் விழுந்தது. கொடி மேலே போனது. அவுட். செட் வியட்நாமுக்கு. பலகைகள் உள்ளே ஓடின.

யுவராணி வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் பாய்ந்தாள். கையை விரித்துக் கொண்டு தடத்தின் முன் நின்றாள். "யாரும் தொடாதீங்க! நடுவரம்மா வந்து பாக்கட்டும்!"

கயிற்றுக்கு வெளியிலிருந்து, அடுத்து இறுதி ஆட்டம் ஆடவேண்டிய அன்ரனிற்றா கத்தினாள்: "தடத்தைத் தொடாதேங்கோ!" சந்துனிக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையே நாலு முறை கத்தினாள். வீரலட்சுமி தன் பலகையை மணலில் ஊன்றிவிட்டாள். மற்ற பெண்களும் ஊன்றினார்கள். உக்கிரபாண்டி ஒதுங்கி நின்றார்.

நடுவரம்மாள் வந்து குனிந்தார். இந்த முறை யுவராணியும் கூடவே குனிந்தாள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

"அம்மா! ரெண்டு வெரக்கடை வெளிய!"

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேன்."

அந்தச் செட் போனது போனதுதான். அடுத்த இரண்டையும் யுவராணியும் லாமியாவும் மல்லுக்கட்டி எடுத்தார்கள். மூன்றாம் இடமும் சான்றிதழும் வந்தன. ஆனால் மாரியூரில் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நடுவில் நடந்ததைத்தான் பேசுகிறார்கள். தடத்தைப் பார்த்து எழுந்த கையோடு, அடுத்த செட் தொடங்குவதற்குள், யுவராணி நேரே கடல் பக்கத்துக் கயிற்றுக்கு வந்தாள். "பலகையைக் கொடு" என்று அம்மாவின் தோளிலிருந்து வாருபலகையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். உப்பு ஏறி வெளுத்த பலகை. எட்டு நாட்டுப் பிள்ளைகளும் ஊர்ச் சனமும் உக்கிரபாண்டியும் பார்க்க, தான் பார்த்து முடித்த தடத்தைத் தானே இழுத்து மட்டமாக்கினாள்.

கயிற்றுக்கு வெளியே சோணையம்மாள் தலை குனியாமல் நின்றாள்.