வியட்நாமில் கற்றுவந்த மத்தியானத் தூக்கம்

வியட்நாமில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு பெங்களூர் விவேக் நகருக்குத் திரும்பியபோது, எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: வகுப்பு போக மிச்ச நேரத்தில் என்ன செய்தாய்? சம்பளத்தைக்கூட அதற்கப்புறம்தான் கேட்டார்கள்.

பெங்களூரில் சும்மா இருப்பது ஒரு வியாதி. என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஆன்லைன் கோர்ஸில் உட்கார்ந்துவிடுவான். எதற்கு என்று கேட்டால், "எல்லாரும் பண்றாங்கடா" என்பான். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஓய்வு நேரத்துக்கென்றே ஒரு கிதாரும் வியட்நாமிய மொழிப் புத்தகமும் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊரே படுத்துவிடுகிறது. ஆசிரியர் அறையில் விளக்கை அணைத்து, பாய் விரித்து, தலைமையாசிரியை உட்பட எல்லோரும் தூங்கினார்கள். நான் மட்டும் இருட்டில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தலைமையாசிரியை என் மேசையில் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். முதல் வாரம் பாவம் செய்கிறவன்போலத் தூங்கினேன். அப்புறம் பழகிவிட்டது. கிதாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

இதைச் சொன்னதும் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஜீவனஹள்ளியில் ஒரு இடம். பெண்ணை ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். மேடையில் போட்டோவுக்கு இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் அமைய வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அண்ணனும் கூட வந்த ஆட்டோவில் அம்மா பாடம் எடுத்தாள்.

"கேட்டா ஏதோ கோர்ஸ் பண்ணேன்னு சொல்லு. தூங்கினேன்னு மட்டும் வாயத் தெறக்காத."

அவர்கள் வீட்டில் கேக்கும் டீயும் வந்தன. பெண்ணின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "அங்க ஃப்ரீ டைம்ல என்ன தம்பி பண்ணீங்க?"

பொய் தொண்டைவரை வந்தது. பெண் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முதல் வார்த்தையே பொய்யாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"மத்தியானம் தூங்கினேன், அங்கிள்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படிச் சொல்லுங்க! மத்தியானம் வயிறு நெறைய ஊட்டா ஆச்சுன்னா எனக்கும் தூக்கம்தான். இல்லாட்டி மனுஷனா இருக்க முடியாது." அண்ணனும் ஆமோதித்தான். ஆண்கள் தரப்பில் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

எங்களைத் தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள்.

"அங்க லேடீஸும் தூங்குவாங்களா?" என்று கேட்டாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ்தான் முதல்ல படுப்பாங்க."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இங்க லீவு நாள்ல அப்பாவும் தம்பியும் தூங்குவாங்க. சத்தம் வராம பாத்திரம் கழுவுறது என் வேலை. உங்க வீட்ல யார் யார் தூங்குவீங்க?"

"நான். வீட்ல இருந்தா, கோர்ஸ் ஓடஓட அண்ணனும்."

"அம்மா?"

ஊர் திரும்பியதிலிருந்து தினமும் மத்தியானம் தூங்குகிறேன். அம்மா அந்த நேரத்தில் என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியலங்க. நான் தூங்கிட்டிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பெண் வேண்டாம் என்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வாய் தவறித் தூக்கத்தைப் பற்றிச் சொன்னதால்தான் இந்த இடம் தட்டிப்போயிற்று என்று அம்மா இன்றும் கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா சொல்வது சரிதான்.