கனகவல்லி டீச்சரின் வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை காலை, இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது கைபேசிக்குச் செய்தி வந்தது. ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு. மேலே, மாணவர் விவரங்களை மாலைக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லும் அறிவிப்பு. கீழே, யாரோ அனுப்பிய ரோஜாப்பூவும் காலை வணக்கமும். நடுவில் ஒற்றை வரி: கனகவல்லி டீச்சர் அதிகாலையில் காலமானார். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக முடியவில்லை.

மதியத்துக்குள் கூப்பிய கைகளின் படங்கள் நிறைந்துவிட்டன. மாலையில் அலுவலகத்தின் இரங்கல் வந்தது. அதில் அவருடைய பெயர் சரியாக இருந்தது, ஊர் சரியாக இருந்தது, வகித்த பதவியும் சரியாக இருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் உண்மையில்லை. ‘நமது வாரம் ஒரு சொல் திட்டத்தைத் தம் பள்ளியில் சிறப்பாகச் செயல்படுத்தியவர்’ என்று அது முடிந்தது. அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாதிப் பேருக்கு உண்மை தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாளையம்பட்டியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது எங்கள் ஈராசிரியர் பள்ளி. அவர் தலைமை ஆசிரியை, நான் உதவி ஆசிரியர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மீதிப் பேர் பருத்திக்காட்டில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். டீச்சரும் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண்தான். பள்ளியில் சேர்ந்த பிறகே தமிழ் தன் வாய்க்குள் வந்தது என்பார்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வாரத்துக்கு ஒரு சொல். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை எல்லாருக்கும் அதே சொல். திங்கட்கிழமை காலையில் பலகையின் வலது மேல்மூலையில் எழுதுவார். பொருள் சொல்ல மாட்டார். யார் எங்கே கேட்டீர்கள் என்று மட்டும் விசாரிப்பார். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் ஊகிப்பார்கள். புதன்கிழமை அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களையும் பகையாளிகளையும், அதாவது அதே பொருள் தரும் சொற்களையும் எதிர்ச்சொற்களையும், தேடிப் பிடிப்பார்கள். வியாழக்கிழமை ஆளுக்கொரு கதையில் அதை நுழைப்பார்கள். இவ்வளவையும் கவனமுள்ள எந்த ஆசிரியரும் செய்துவிடலாம். வெள்ளிக்கிழமைதான் அவருடையது. அதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வெளியே ஒரு பெரிய மனிதரிடம் அந்தச் சொல்லைப் பேசியிருக்க வேண்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். திட்டினால் திட்டியதைச் சொல்ல வேண்டும். சிரித்தால் சிரித்ததைச் சொல்ல வேண்டும்.

“புத்தகத்துல இருக்கிற சொல்லு புத்தகத்தோட பைக்குள்ள போயிரும் சார். ஒருத்தர்கிட்ட பேசி, அவுக திருப்பிப் பேசுனாத்தான் அது பிள்ளையோட சொல்லு” என்பார்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கறாரானவர். நான் தமிழில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் முடித்து வந்தவன். ஒருமுறை ‘தென்றல்’ என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்தார். சித்திரை வெயிலில் புழுதி சுழன்று கொண்டிருந்தது.

“நல்ல சொல்லுதான். எந்தக் கடையில போயி இதைப் பேசும் பிள்ளை? யாருகிட்ட பதில் வாங்கும்?” என்றார். “பாடத்துல பத்துப் புதுச் சொல்லு கெடக்கும் சார். அதுல எது நாளைக்கு ரேசன் கடையிலயும், ஆசுபத்திரியிலயும், அடுத்த வகுப்புப் புத்தகத்துலயும் பிள்ளைய மறிச்சு நிக்கிமோ, அதை எடுங்க.”

அந்த வாரம் அவர் எழுதிய சொல் ‘அவகாசம்’. மூன்றாம் வகுப்பில் படித்த செல்வி, தன் தாய் பேச்சியம்மாளுடன் பஸ் ஏற நின்றிருக்கிறாள். பேச்சியம்மாள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போகிறவர். தூக்குவாளியை மறந்துவிட்டுத் திரும்ப ஓடியிருக்கிறார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபோது செல்வி படியில் ஏறி நின்றுகொண்டு, “அண்ணே, கொஞ்சம் அவகாசம் குடுங்க. எங்கம்மா வாராக” என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அவள் கண்டக்டரைப் போலவே இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாள்.

“‘ஏலே டிரைவரு, கேட்டியா? பாப்பா அவகாசம் கேக்குது. நம்ம டிப்போவுல லீவு கேட்டாக்கூட எவனும் இப்பிடிக் கேட்டதில்ல’ன்னாரு டீச்சர்.”

“குடுத்தாரா?”

“குடுத்தாரு. எங்கம்மா ஏறுனதும், ‘அவகாசம் முடிஞ்சதா தாயி, விசில் அடிக்கலாமா’ன்னும் கேட்டாரு.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் அந்தக் கண்டக்டர் பள்ளி நிறுத்தத்தில் பிள்ளைகளைப் பார்த்தால், “இந்த வாரம் என்ன சொல்லு?” என்று கேட்காமல் விட்டதில்லை.

முதல் வகுப்பில் ஒரு பெண் குழந்தை மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. விசைத்தறிக் குடும்பம். பள்ளியைப் பார்வையிட வந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் குழந்தையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மெல்லக் கற்பவள் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் தமிழே பேசச் சொல்லுங்கள் என்று யோசனையும் சொன்னார். டீச்சர் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். பிறகு அந்த வாரச் சொல்லுக்குப் பக்கத்தில் தெலுங்குச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, “இது யாரு வீட்டுச் சொல்லு?” என்று கேட்டார். முதலில் கை தூக்கியது அந்தக் குழந்தைதான்.

“வீட்டுச் சொல்ல வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வான்னு சொல்றாக” என்று அன்று மாலை என்னிடம் சொன்னார். “அதென்ன செருப்பா சார்?”

எனக்குப் பிடித்த பெருமை ஒன்று உண்டு. அருப்புக்கோட்டை உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் சொன்னது. ஆறாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது, எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அவரால் பெயர் கேட்காமலே அடையாளம் காண முடியுமாம். ‘புரிந்ததா’ என்றால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எங்கள் பிள்ளை எழுந்து, “சார், அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது, சொல்லுங்க” என்று கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுத்த பள்ளி எங்களுடையது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் உயரட்டும்.

இனி நடந்தது. ஓர் அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. பலகையின் மூலையைக் காட்டி, “இது எந்தத் திட்டத்துல வருது?” என்று கேட்டார்.

“திட்டம் இல்லிங்க சார். பிள்ளைகளுக்கு.”

“திட்டத்துல இல்லாதது எதுக்கு? பயிற்சி ஏடு பாதி முடியல. வெள்ளிக்கிழமை கடைசி மணியில ஊர்க்கதை ஓடுதுன்னு கேள்விப்பட்டேன். அடுத்த தடவை வரும்போது பலகையில இந்தச் சொல் இருக்கக்கூடாது. இருந்தா விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும்.”

“சரிங்க சார்” என்றார் டீச்சர்.

அடுத்த திங்கட்கிழமை பலகையின் மூலை வெறுமையாக இருந்தது. டீச்சர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகள் அந்த வெறும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்வில் அவ்வளவு நீண்ட திங்கட்கிழமையை நான் பார்த்ததில்லை. ஆனால் அலுவலருக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. அந்தச் சொற்கள் பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியை விட்டு வெளியே போய்ப் பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தன. வெளியே இருந்தவர்களுக்கும் அது பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“டீச்சர், இந்த வாரம் சொல்லு இல்லன்னு கண்டக்டர் அண்ணன்கிட்ட சொன்னோம். ‘அப்ப நான் ஒண்ணு தாரேன், உங்க டீச்சர்கிட்ட பதில் வாங்கிட்டு வாங்க’ன்னு சொல்லிவிட்டாரு. ‘உத்தரவாதம்’ டீச்சர்.”

புதன்கிழமை மளிகைக் கடைக்காரர் ஒன்று கொடுத்தனுப்பினார். மறுநாள் தறி உரிமையாளர் ஒருவர். பலகையில் எதுவும் எழுதப்படவில்லை. உத்தரவு ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, பதில் சொல்ல வேண்டிய மாணவியைப்போலக் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

இருந்தும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பலகையில் சொல் இல்லை என்பதை ஆராய யாரும் வரவில்லை. ஊர்க்கதை நிற்கவில்லை என்று கேள்விப்பட்டதே போதுமானதாக இருந்தது. இடமாற்றம் செய்யப்போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. டீச்சர் போனால் வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்பது பிள்ளைகளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர்கள் வழியாக அந்தச் சேதி வீடுகளுக்குப் போனது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அலுவலர் வந்திருந்தார். வழக்கமாக நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் கூட்டம். அன்று காட்டு வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் வராந்தா கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் எழுந்தார்.

“சார், எம் மக மூணு வருசமா ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லக் கொண்டாந்து எங்கிட்ட கேட்டுருக்கா. காட்டுல குனிஞ்சு நிமிந்து வந்த அலுப்புல, போடின்னு வெரட்டியும் இருக்கேன். ஆனா பதில் சொல்லாம விட்டதில்ல. இப்ப நான் உங்களக் கேக்குறேன். எங்க டீச்சர் என்ன தப்புப் பண்ணுனாக? பதில் சொல்லுங்க.”

“இது நிர்வாக விசயம்மா. உங்களுக்குப் புரியாது.”

“புரியிற மாதிரி சொல்லுங்க. புரியலன்னா கேக்கச் சொல்லித்தான் எம் மகளுக்குச் சொல்லிக் குடுத்துருக்காக.”

பின்னாலிருந்து இன்னொரு தாய், “சாருக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் டயம் குடுங்கடி” என்றார். அலுவலர் உட்படச் சிலர் சிரித்துவிட்டார்கள். குறிப்பாணை அதன்பின் மேலே நகரவில்லை. சோதனை முறையில் தொடரலாம் என்று வாய்மொழியாக ஒரு சலுகை கிடைத்தது. மறு திங்கட்கிழமை பலகையின் மூலையில் சொல் ஏறியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் ஓய்வுபெறும் ஆண்டில் எங்களை அருப்புக்கோட்டையில் ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். கையேட்டின் அட்டையில் ‘வாரம் ஒரு சொல்’ என்றிருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அப்படியே இருந்தன. ‘சொந்தக்காரர்கள்’, ‘பகையாளிகள்’ என்ற பெயர்கள்கூட மாறவில்லை. யாருடையது என்ற குறிப்பு எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமையில் மட்டும் ‘பயிற்சித்தாளை நிரப்பிப் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுக’ என்றிருந்தது. இந்த முறையையே கண்டுபிடித்தவர் கடைசி வரிசையில் அமர்ந்து, அதை எப்படிச் செய்வது என்று பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். இதற்குத் திருட்டு என்ற சொல் தமிழில் இருக்கிறது. நான் எழுந்தேன். அவர் என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். “உக்காருங்க சார்.”

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பேசினார். “எம் பேரு இல்லன்னு நீங்க கோவப்படுறீக. பேரு கெடக்கட்டும். வெள்ளிக்கிழமைய வெட்டிட்டாகளே சார். இனி எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லு செவுத்துல தொங்கும். எந்தப் பிள்ளை வாய்க்குப் போகும்?”

எனவே நண்பர்களே, ஆவணத்துக்காகச் சொல்கிறேன். கனகவல்லி டீச்சர் யாருடைய திட்டத்தையும் செயல்படுத்தவில்லை. திட்டம்தான் அவரைச் செயல்படுத்த முயன்று, முக்கியமான இடத்தில் தோற்றது. உங்கள் பள்ளியில் வாரம் ஒரு சொல் நடக்கிறதென்றால், அதில் நான்கு நாட்கள் அவருடையவை. ஐந்தாவது நாளை நீங்கள்தான் மீட்டுக் கொடுக்க வேண்டும்.

திருச்சுழிப் பக்கத்தில் நான் இப்போது தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி அவருடையதாகவே நடக்கிறது. அதை அவரிடமிருந்து பெற்றேன். கோபம் அவர் கொடுத்ததில்லை. அது என் சொந்தப் பொறுப்பு. அதையும் வைத்துக்கொள்வேன். இரங்கல் வந்த அன்றிரவே குழுவில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘இது அவர் செயல்படுத்திய திட்டம் அல்ல, அவர் உருவாக்கியது. திருத்தி வெளியிடுங்கள்.’ எல்லாரும் பார்த்துவிட்டதற்கான அடையாளம் இருக்கிறது. பதில் இல்லை.

பதில் வராத சொல்லை டீச்சர் பலகையிலிருந்து அழித்ததில்லை. திங்கட்கிழமை வந்தாலும் புதுச் சொல் எழுத மாட்டார். “இன்னும் கேளுங்க” என்பார். அந்தப் பழக்கத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.