அவரைப் பந்தலில் ஒரு விளக்கு

அந்த வருஷம் ஆடிக் காற்று தொடங்குவதற்குள் அப்பா வேலைக்குப் போவது நின்றுவிட்டது. ஹைதராபாத்தை விட்டுத் தள்ளி, பட்டான்செரு போகும் சாலையில் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பில் அப்போது எங்கள் வீடு. பின்கட்டில் பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். அம்மா அதில் கத்தரியும் வெண்டையும் போட்டு, அவரைக்குப் பந்தல் கட்டியிருந்தாள்.

அப்பா ஏன் வீட்டிலேயே இருக்கிறார் என்று கேட்டதற்கு, "அவுகளுக்கு சஸ்பென்ஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ட்ரைக் நடந்தபோது அப்பா தொழிற்சாலை வாசலில் நின்று பேசியிருந்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது ஏழு வயதில் எனக்கு எட்டவில்லை. திருநெல்வேலியில் தாத்தாவுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது; அவர் நாள் முழுக்க ஈஸிசேரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். அப்பாவுக்கு வந்திருப்பது அதைவிட உயர்ந்த ரகம் என்று முடிவுசெய்துகொண்டேன்.

முதலில் கொஞ்ச நாள் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் எழுந்து போய், தம் சைக்கிளின் முன்சக்கரத்தை ஃபோர்க்கோடும் டைனமோவோடும் கழற்றினார். மிச்ச சைக்கிள் சுவரோரம் மண்டியிட்டுக் கிடந்தது.

குழாயில் தண்ணீர் வருவதே இருட்டுகிற நேரத்தில்தான். பாறை இடுக்குகளில் பாம்பு உண்டு. அம்மா குடத்தோடு கால்களால் தடவித் தடவிச் செடிகளுக்குள் நடப்பதை, வீட்டில் இருக்க நேர்ந்த பிறகுதான் அப்பா பார்த்தார் போலும். டால்டா டின்னை வெட்டி இறக்கைகள் செய்து சக்கரத்தின் கம்பிகளில் கட்டினார். ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் வாயில் ஃபோர்க்கைச் செருகிச் சக்கரத்தை மேற்குப் பார்க்க நிறுத்தினார். டயரை உரசிக்கொண்டு டைனமோ. அதிலிருந்து இறங்கிய ஒயரின் முனையில், அவரைப் பந்தலுக்கு அடியில், சைக்கிள் விளக்கு.

காற்றைத்தான் காணோம். "வரும்ட்டி, வராம எங்க போயிரும்?" என்றார் அப்பா.

ஒரு சாயங்காலம் வந்தது. பாறைகளுக்குப் பின்னால் எங்கோ கிளம்பி, புல்லைச் சாய்த்துக்கொண்டு வந்தது. சக்கரம் ஒருமுறை முனகிவிட்டுச் சுழன்றது. பல்புக்குள் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. அது மஞ்சளாகி, பந்தல் முழுவதும் வெளிச்சம் பரவியது. ஊதா நிற அவரைப் பூக்கள், குடத்தின் விளிம்பு, அம்மாவின் ஈரக் கால்கள் எல்லாம் துலங்கின. காற்று தணிந்ததும் எல்லாம் மெல்ல அணைந்தன. மறுபடி துலங்கின. தோட்டமே மூச்சு விடுகிறது என்று நினைத்தேன். அம்மா தண்ணீர் விடுவதை மறந்து நின்றாள். நாங்கள் மூவரும் ஏதோ குளத்தின் அடியில் நிற்பது போல இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குளத்துக்குள் இறங்குவதற்காகவே நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி, அப்பா டியூட்டிக்குப் போகவில்லையா என்று கேட்டார். "எங்க அப்பாக்கு சஸ்பென்ஷன் வந்திருக்கு ஆன்ட்டி!" என்று பெருமையாகச் சொன்னேன். ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவி, இரண்டு கை நிறைய முறுக்கு கொடுத்தார். நான் சொன்னதையும் முறுக்கையும் சேர்த்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று அம்மா தோட்டத்துக்கு வரவில்லை. அப்பாதான் குடத்தைத் தூக்கினார்.

காற்று நன்றாகப் பிடித்துக்கொண்ட சமயத்தில்தான், அப்பாவுடன் வேலை பார்க்கும் மாமா ஒருவர் கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "சார், உங்களைத் திரும்ப எடுத்துட்டாங்க! நாளைக்கே செகண்ட் ஷிப்ட் வரணுமாம்!"

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா ஏணியில் ஏறிச் சக்கரத்தைக் கழற்றினார். "நக்கோப்பா, நக்கோ! வேண்டாம்ப்பா!" என்று நான் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா, "சைக்கிள் இல்லாம எப்பிடிட்டி போறது?" என்றார், இறக்கைகளின் முடிச்சை அவிழ்த்தபடியே. நியாயம் கேட்டு அம்மாவிடம் ஓடினேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு நெய் ஊற்றிக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா, அப்பாவைப் போக வேண்டாம்னு. விளக்கு போயிரும்லா?"

அம்மா சிரித்தாள். என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். என் அழுகையைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் கேசரியைத் தொடவில்லை.

அன்று இருட்டும் நேரத்தில் நல்ல காற்று. நான் கொல்லைக் கதவருகில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எதுவும் தெரியவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் விழும் சத்தமும், அம்மா ஏதோ ஒரு பாட்டை வாய்விட்டுப் பாடுவதும் மட்டும் கேட்டன. அவள் பாடி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவ்வளவு இருட்டில் அவளால் எப்படிப் பாட முடிகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.