செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒரு குரல்

அன்பான சபையாரே, சாட்சி சொல்லும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தள்ளிப்போட்டேன். எனக்கு வந்தது கேன்சர் என்றாலோ, கை கால் ஒடிந்தது என்றாலோ முதல் வாரமே எழுந்து நின்றிருப்பேன். வந்தது பயம். நாற்பது வயது ஆம்பிளை, பஸ் டிரைவர், பயம் வந்து படுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கமும் போன பிறகுதான் இன்று நிற்கிறேன்.

காந்திபுரத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பதினோரு வருடமாக நான் டிரைவர். தொண்ணூற்றாறாம் வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலை எட்டரை மணி இருக்கும். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் நெஞ்சு திடீரென்று அடிக்க ஆரம்பித்தது. ஓடிவந்தவனுக்கு அடிப்பது போல இல்லை, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. கை மரத்துப்போனது. மூச்சு மேலே வந்தது, கீழே இறங்கவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் பின்னால் அறுபது எழுபது உயிர்.

எப்படியோ ஓரம் கட்டினேன். இறங்கிப்போய் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் குமரேசன் ஓடிவந்தான்.

"ஏனுங்ணா, என்னாச்சுங்ணா? மூஞ்சியெல்லாம் வேர்க்குதுங்களே!"

"நெஞ்சு வலிக்குது குமரேசா. வண்டிய எடுக்க முடியாது."

பின்னால் வந்த பஸ்ஸில் ஆட்களை மாற்றிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் இசிஜி எடுத்தார். இருதயம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். எனக்கு இன்னும் பயமாகிப்போனது. இருதயம் நன்றாக இருந்தால், பிறகு இது என்ன?

ரெண்டு நாள் கழித்து வண்டி எடுத்தேன். கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வாரம் வண்டியில் ஏறும் முன்பே வந்தது. பிறகு காக்கிச் சட்டையைப் போடும்போதே வந்தது. முதலாளி நல்ல மனிதர். "கொஞ்ச நாள் ஷெட்டுல இருங்க சாமுவேல், டயரு, ஆயிலு பாருங்க" என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலக் காக்கி போட்டுக்கொண்டு கிளம்புவேன். என் மனைவி எஸ்தர் சாப்பாடு கட்டித் தருவாள். ஷெட்டில் உட்கார்ந்து அதைப் பிரிப்பேன், மூடுவேன். முழுங்க முடியாது.

ஒரு நாள் எஸ்தரே காந்திபுரத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். டிரைவர் சீட்டில் வேறு ஆள். அன்று சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எங்கிட்டக் கூடச் சொல்லக்கூடாதுங்களா?"

எனக்கு வாய் வரவில்லை. அவள் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அப்படி மரத்துப்போவதுதான் இந்த நோயின் அடுத்த கட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாதத்துக்குள் ஷெட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டேன். துடியலூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். என் மகள் கிரேஸுக்கு ஒன்பது வயது. பரீட்சையில் வாங்கிய மார்க்கைக் காட்ட வாசல்வரை வருவாள், என் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவாள். அந்தச் சின்னக் காலடிச் சத்தம் தூரப் போவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். எழுந்திருக்கத் தெம்பில்லை.

ஜெபிக்காமல் இல்லை. உபவாசம் இருந்தேன். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், பெயர் வேண்டாம், நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "விசுவாசம் இருந்தாப் பயம் எப்படிங்க வரும்?" அந்தக் கேள்வி என்னை நேராகக் குழியில் தள்ளியது. அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆண்டவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். என்னை எடுத்துக்கொள்ளும் என்று வேண்ட ஆரம்பித்தேன். சபையாரே, இதைச் சொல்வதற்கு இப்போதும் நாக்கு தடுக்கிறது. ஆனால் மறைத்தால் இது சாட்சியே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் வீட்டில். கட்டிலிலிருந்து இறங்கி முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, பயத்தை எடுக்காட்டியும் பரவாயில்லை. இதை யாருகிட்டயாவது சொல்ல எனக்கு ஒரு வாயைக் கொடுங்க" என்றேன். அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் காலை பாஸ்டர் அம்மா வந்தார்கள். எஸ்தர் அவர்களை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. உள்ளறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெபிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"தம்பி, கண்ணைத் திறங்க. நான் ஒண்ணு சொல்லோணும். எங்க பாப்பா பொறந்து மூணாம் நாள் போச்சல்லங்க, அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கலீங்க. உங்ககிட்டயெல்லாம் எனக்கு மஞ்சள் காமாலைன்னு சொல்லி வெச்சிருந்தோம்."

எனக்கு நினைவிருந்தது. சபையில் முறை போட்டு அவர்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தோம். எஸ்தர்கூடப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

"காமாலையெல்லாம் இல்லீங்க தம்பி. உங்களாட்டமேதான் செவுத்தப் பாத்துக் கெடந்தேன். பாஸ்டர் சம்சாரமே இப்படின்னா சபை என்ன நெனைக்கும்னு வாயைப் பொத்திக்கிட்டேன். ஒரு அக்காகிட்டப் போன்ல பேசினேன். வாரா வாரம் பேசினேன். அப்புறந்தான் எந்திரிச்சேன்."

"நீங்க ஜெபம் பண்ணலீங்களா அம்மா?"

"பண்ணாம என்னங்க? ஜெபத்துக்கு வந்த பதிலுதான் அந்தப் போன்."

கோயமுத்தூரில் சில பேர் சேர்ந்து ஒரு சின்ன அறையில் போன் வைத்திருந்தார்கள். மனசு கஷ்டத்தில் இருப்பவர்கள் கூப்பிடலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை, ஊர் சொல்ல வேண்டியதில்லை. எடுப்பவர்கள் அதற்கென்று படித்துப் பயிற்சி எடுத்தவர்கள். நேரில் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாகப் பட்டது. பஸ்ஸில் ஏற முடியாதவன் டவுனுக்கு எப்படிப் போவேன்? என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்றும் இருந்தது. பாஸ்டர் வீட்டு முன்னறையில் போன் இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நான் அங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஐயாவும் அம்மாவும் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் செவ்வாய். நம்பரைச் சுற்றினேன். மணி அடித்தது. "வணக்கம், சொல்லுங்க" என்று ஒரு பெண் குரல். "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த செவ்வாயும் அதே குரல்தான் எடுத்தது. இந்தத் தடவை நான் ஒன்றும் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. அவர்களும் வைக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "அவசரமில்லைங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன். மூன்று மாதத்தில் நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அதுதான். சொன்னதும் அழுகை வந்தது. கட்டிக் கிடந்த அத்தனையும் வந்தது. நான் கேட்ட வாயை ஆண்டவர் அந்த நிமிஷம் கொடுத்தார் சபையாரே.

போனில் பேசிய அந்த அக்கா எனக்குப் புத்தி சொல்லவில்லை. நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சில கேள்விகள் நேராக வரும். "சாகலாம்னு தோணுதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். வீட்டில் சாப்பிட்டீர்களா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்கள். ஆமாங்க என்றேன். அவர்கள் பதறவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அன்று வெகுநேரம் பேசினார்கள். இதை எஸ்தரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரு மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார்கள். மனநலம் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன பைத்தியமுங்களா?"

"சர்க்கரைக்கு மாத்திரை போட்டா யாராவது திட்டுவாங்களா? இதுவும் அப்படித்தானுங்க. டாக்டரும் பாருங்க, எங்கிட்டயும் பேசுங்க, ஜெபமும் பண்ணுங்க. ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்லீங்களே."

அன்று வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளா ஒத்தையாவா சொமந்தீங்க?" என்றாள். மறுவாரம் அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள், எங்கள் தெரு கோவிந்தசாமி அண்ணன் ஆட்டோவில். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய், அந்த அக்கா, "இந்தப் பயம் வாரதுக்கு முன்னால வண்டி ஓட்டறப்ப ஏதாவது நடந்ததுங்களா?" என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். பேச்சு எங்கேயோ போய்க் கடைசியில் மார்ச் மாதத்து ஒரு மத்தியானத்துக்கு வந்தது. நரசிம்மநாயக்கன்பாளையத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு திடீரென்று ரோட்டில் இறங்கிவிட்டாள். பிரேக்கை மிதித்தேன். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் எல்லோரும் கைதட்டினார்கள். குமரேசன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நானும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு அடுத்த ட்ரிப் எடுத்துவிட்டேன்.

"கொழந்தை உங்களைப் பாத்துச்சுங்களா?" என்று அக்கா கேட்டார்கள்.

பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக என்னைப் பார்த்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாததற்கு எதற்காக நடுங்குவது என்று விழுங்கிவிட்டேன். விழுங்கியது உள்ளேயே இருந்திருக்கிறது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஏழு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய நடுக்கம்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் பொய். பஸ்ஸில் ஏறாமல் துடியலூர் ஸ்டாப்பில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வரும்படி அக்கா சொன்னார்கள். ஒரு வாரம் முழுக்க அதைச் செய்தேன். அப்புறம் எஸ்தரோடு பயணியாக ஏறினேன். கவுண்டம்பாளையத்தில் மூச்சு முட்டி இறங்கிவிட்டேன். ரெண்டு பேரும் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அந்தச் செவ்வாய் நான் போனில் கத்தினேன்.

"இது வேலைக்கு ஆகாதுங்க அக்கா. என்னை விட்டுப்போடுங்க."

"எத்தனை ஸ்டாப் போனீங்க?"

"நாலு இருக்குமுங்க."

"போன வாரம்?"

"ஏறவே இல்லீங்களே."

சொல்லிவிட்டு நானே சிரித்துவிட்டேன். பயம் வந்தால் துரத்த வேண்டாம், வரட்டும், அது உச்சிக்கு ஏறும், பிறகு தானாக இறங்கும், அதுவரை மூச்சை மெதுவாக விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் அந்த நேரத்தில் ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு மூச்சுக்கு "ஆண்டவரே", அடுத்த மூச்சுக்கு "கூடவே இரும்". அவ்வளவுதான் ஜெபம்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஷெட்டில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். மார்ச்சில் ஆள் இல்லாத வண்டியை மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய் வந்தேன். டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஏப்ரலில் முதலாளி முதல் ட்ரிப்பைக் கொடுத்தார்.

காந்திபுரத்தில் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் சீட்டுக்குப் பின்னால் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிரேஸ். என்னிடம் சொல்லாமல் வந்து ஏறியிருக்கிறார்கள். குமரேசன் அவர்களிடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நரசிம்மநாயக்கன்பாளையம் வந்தது. பயமும் வந்தது. நெஞ்சு அடித்தது, கை வேர்த்தது. மூச்சை மெதுவாக விட்டேன். ஆண்டவரே. கூடவே இரும். ஊர் தாண்டுவதற்குள் பயம் இறங்கிப்போனது. வண்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து கிரேஸ், "அப்பா, காரமடை எப்ப வருமுங்க?" என்றாள். "இதோ வந்துருச்சு கண்ணு" என்றேன். ஏறக்குறைய ஒரு வருடமாக என் மகளுக்கு நான் அப்படிப் பதில் சொன்னதில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. எப்போதாவது வரும், போகும். பழைய சாமுவேல் யார் அழுதாலும் "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். இப்போது நான் உட்கார்ந்து கேட்கிறேன். போன மாதம் எங்கள் ஷெட்டில் இன்னொரு டிரைவர், எனக்கு மூத்தவர், காக்கியோடு வண்டிக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நம்பரைக் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்றேன்.

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. நன்றி சொல்ல நேரில் வருகிறேன் என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டாமுங்க, நல்லா வண்டி ஓட்டுங்க போதும் என்றார்கள். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அவர்களுக்காக ஜெபிக்கிறேன். எந்தப் பேரைச் சொல்லி ஜெபிப்பது? "அந்த அக்கா" என்கிறேன், ஆண்டவருக்குத் தெரியும். பரலோகத்தில் முகம் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. பேசினால் கண்டுபிடித்துவிடுவேன்.

இந்தச் சபையில் இன்றைக்கு இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் யாரோ ஒருவர் இன்று காலை எழுந்திருக்க முடியாமல் எழுந்து, சேலை மடித்துக் கட்டி, சட்டை தேய்த்துப் போட்டு, நன்றாயிருப்பதாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லாதது போல மனசு சரியில்லை, அவ்வளவுதான். ஜெபியுங்கள். ஜெபித்த வாயாலேயே ஒரு மனுஷரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் எனக்குப் பதில் சொல்ல மின்னலை அனுப்பவில்லை, தூதனை அனுப்பவில்லை. அவசரமில்லை, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்ல ஒருவரை அனுப்பினார். உங்களுக்கும் அனுப்புவார். அவருக்கே மகிமை.