வலக்கையில் இருந்த பந்து

லியான் பார்ட்டோசிக்கின் முகத்தை ஊரில் பாதிப் பேர் பார்த்ததில்லை. ஆனால் அவர் குரலைக் கேட்காதவர் கிடையாது. பதினோரு வருடமாக, திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் ஆனால் விளையாட்டு வானொலிக்குப் போன் போடுவார். குளிர்காலத்தில் மாநகராட்சியின் பனி வாரும் வண்டியிலிருந்து, கோடையில் தார் வண்டியிலிருந்து. எங்கள் ஊர் அணியின் முதலாளிக்கு அவர் சொல்வது என்னவோ ஒன்றுதான்.

"முதலாளி, பணத்த எறக்குங்க. ஒப்பந்தம் முடிஞ்ச நல்ல ஆளுங்க வெளிய நிக்கறானுங்க. நாலு காசு கூடப் போட்டு வாங்குங்க. அப்பறம் கோப்பை வருதா இல்லையான்னு பாருங்க."

அவர் என் அம்மாவின் அண்ணன். நான் மாமா என்பேன். அவர் என்னைக் குட்டிச்சாத்தான் என்பார். அதற்கான காரணங்கள் தேதி வாரியாக எங்கள் பள்ளிக்கூட அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.

மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. அத்தை பல்வலி என்று ஒரு மருத்துவரிடம் போனாள். அந்த மருத்துவரோடே அரிசோனாவுக்குப் போய்விட்டாள். விவாகரத்தில் வீட்டைக் கேட்டாள், மாமா கொடுத்தார். காரைக் கேட்டாள், கொடுத்தார். ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் முப்பத்தெட்டாம் பகுதியில் அவர் சந்தா கட்டி வைத்திருக்கும் இரண்டு இடங்களைக் கேட்டிருந்தால் நீதிமன்றத்தில் ரத்தம் ஓடியிருக்கும். வலது எல்லைச் சுவருக்குப் பின்னால், முதுகு சாய வழியில்லாத வெறும் அலுமினியப் பலகை அது. வெயிலில் தோசைக்கல், ஏப்ரலில் பனிக்கட்டி. ஒன்பது வயதிலிருந்து அத்தையின் இடத்தில் நான் உட்காருகிறேன்.

மாமாவுக்கு அந்தப் பக்கம் டோரீன் பாஸ்கோ. முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். மடியில் நோட்டு, காதில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்வார். எங்கள் அணி கோப்பையைத் தொட்டு நாற்பத்தோரு வருடம் ஆகிறது. அதில் பத்தொன்பது வருடம் இவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சண்டையைப் போட்டிருக்கிறார்கள்.

"வெலைக்கு வர்றவன் யாரு லியான்? நேத்து நல்லா ஆடினவன். நேத்தைக்குக் காசு குடுத்துட்டு நாளைக்கு ஆட்டம் பாக்கச் சொல்ற."

"உன் பசங்க வளந்து வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு முட்டியும் போயிடும் அம்மணி."

"உன் முட்டி போயி மூணு வருஷமாச்சு. அதையும் வெளியிலதான் வாங்கி மாட்டிக்கப் போற."

"மாட்டினா ஓடும்ல? அதத்தான்மா நானும் சொல்றேன்."

பின்வரிசையில் இருப்பவர்கள் ஆட்டம் சலித்தால் இவர்களைக் கேட்பார்கள். பெரும்பாலும் ஆட்டம் சலித்தது.

பையன்களை நாமே வளர்க்க வேண்டும் என்ற டோரீனின் கட்சிக்கு ஒரு முகம் இருந்தது. நெல்வின் ரோசா. பத்தொன்பது வயதில், எங்கள் அணி பையன்களைப் பழக்கும் சின்ன ஊர் அணியில் ஆடியவன். டோரீன் மூன்று மணி நேரம் பேருந்தில் போய் அவன் ஆட்டத்தைப் பார்ப்பார். "தப்பு பண்ணினா தலையச் சொறியறான். அவனுக்கே வலிக்குது. இவன் தேறுவான்" என்பார். இருபத்திரண்டு வயதில் அவன் எங்கள் அணிக்கு வந்தபோது, தன் வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்ததுபோல முப்பத்தெட்டாம் பகுதி முழுக்க டோனட் வாங்கிக் கொடுத்தார். மாமா இரண்டு தின்றார். தின்றுகொண்டே, "பையன் பரவால்ல. ஆனா இவன் போதாது" என்றார்.

அந்த டிசம்பரில்தான் முதலாளி பணத்தை இறக்கினார். ட்ரென்ட் மாடிகன், முப்பத்திரண்டு வயது, ஏழு வருடத்துக்குப் பதினெட்டுக் கோடி டாலர். அறிவிப்பு மேடைக்கு மாமாவையும் கூப்பிட்டார்கள். 'ரசிகர்களின் குரல்' என்று அறிமுகம் செய்தார்கள். மாமா பனி வண்டிச் சீருடையோடு போய், மாடிகனின் இருபத்திரண்டாம் எண் சட்டையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் பத்திரிகையில் படம். மாமா சிரித்த படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

அதே வாரம், சம்பளக் கணக்கு இடிக்கிறது என்று நெல்வினை வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஏப்ரலில் மைதானம் திறந்தபோது டோரீன் வந்து உட்கார்ந்தார். நான்கு சுற்று வரை வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது சுற்றில் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "உன் பேச்ச அவங்க கேப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா, அந்தத் தார உன் வாயில ஊத்தியிருப்பேன்."

"கோப்பை வரட்டும், அப்பறம் ஊத்து" என்றார் மாமா.

கோப்பை வரவில்லை. முதல் வருடம் மாடிகன் நன்றாகத்தான் அடித்தார், அணி நான்காவதாக வந்தது. இரண்டாம் வருடம் அவருக்கு முட்டி போனது. மூன்றாம் வருடம் அவர் மட்டை சுழலும்போது எங்கள் பகுதிக்கு நல்ல காற்று வந்தது, வேறொன்றும் வரவில்லை. கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. மாமா மட்டும் ஊளையிடவில்லை. இருபத்திரண்டாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "ஆகஸ்ட்ல சூடு பிடிப்பான்" என்பார். நெல்வினோ அந்த ஊரில் நட்சத்திரமாகிவிட்டான்.

ஆகஸ்டில் சூடு பிடித்தது டிக்கெட் விலை. அடுத்த வருடம் பலகைக்கு முதுகு வைக்கிறார்கள், பின்னால் மதுக்கூடம் கட்டுகிறார்கள், வருடச் சந்தா மூன்று மடங்கு என்று கடிதம் வந்தது. பெரிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவர ஆகும் செலவை ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்புவதாக அதில் இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து, அச்சடித்தது.

டோரீன் கடிதத்தை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தார். "செப்டம்பரோட சரி எனக்கு. தபால்காரி ஓய்வூதியத்துல மதுக்கூடம் கட்ட முடியாது."

"நான் கட்டறேன் உனக்கு" என்றார் மாமா.

"நீ ஏற்கெனவே ஒருத்தன வாங்கிக் குடுத்துட்ட. போதும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். டோரீன் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "கடைசி வாரம் நெல்வின் இங்க ஆட வர்றான். அவன் அடிச்ச பந்து ஒண்ணு கையில கெடச்சா எடுத்துட்டுப் போயிடுவேன். வேற ஒண்ணும் வேணாம்."

எங்கள் பகுதிக்கு ஒரு சட்டம் உண்டு. எதிரணிக்காரன் சுவரைத் தாண்டி அடித்த பந்து யார் கையில் விழுந்தாலும் திருப்பி மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும். எதிரியின் ஓட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போன வருடம் எறியாத ஒரு மனிதர் தலையில் ஒரு குவளைக் கடுகுச் சாந்தோடு வீடு போய்ச் சேர்ந்தார். விவரமானவர்கள் பையில் ஒரு பழைய பந்து வைத்திருப்பார்கள். நிஜத்தை ஒளித்துக்கொண்டு பழையதை எறிவார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அதை மிகக் கேவலம் என்று பதினைந்து வருடமாகத் திட்டிவந்தவர் மாமா. கடைசி ஆட்டத்தன்று காரில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உங்கிட்ட பழைய பந்து ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. எல்லையோரம் நிற்கும் மாடிகனிடம் தூக்கிப் போடலாம் என்று நானே தயாரித்து வைத்திருந்த பந்து. கறுப்பு மையில் எழுதியிருந்தேன்: 'மாடிகன், இதற்குப் பெயர் பந்து. மட்டையால் தொட வேண்டும்.' அதை மாமாவிடம் சொல்லவில்லை.

ஏழாவது சுற்றில் நெல்வின் அடித்தான். பந்து எழும்பும்போதே தெரிந்தது, எங்கள் பக்கம்தான். மாடிகன் இரண்டு எட்டு பின்னால் வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தார். பந்து பலகையில் மோதி எகிற, மாமா அதை வெறும் வலக்கையால் பிடித்தார். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு பிடி. டோரீன் எழுந்தே விட்டார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது, சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி.

"எறி, எறி, எறி" என்று பகுதி முழுக்கக் கத்தியது. பெரிய திரையில் மாமா தெரிந்தார், இருபத்திரண்டாம் எண் சட்டையோடு. பந்து பிடிக்க அவர் இடக்கையில் மாட்டியிருந்த தோலுறைக்குள் நான் பழைய பந்தைத் திணித்தேன். மாமா ஒரு நொடி இரண்டு கையையும் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மாமா எறிந்தார்.

வலக்கைக்காரர் வலக்கையில் இருப்பதைத்தானே எறிவார்.

நெல்வினின் பந்து பச்சைப் புல்லில் உருண்டு போய் மாடிகனின் காலடியில் நின்றது. கூட்டம் "லியான், லியான்" என்று கூவியது. அவர் வாழ்நாளில் அவருக்கு அவ்வளவு பேர் கைதட்டியதில்லை. முகம் தெரியாதவர்கள் பீர் நீட்டினார்கள். மாமா இடக்கை உறையைப் பிரித்துப் பார்த்தார். 

டோரீன் எட்டி அந்தப் பந்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, என் எழுத்தை முழுவதும் படித்தார். நான் வானத்தில் மேகம் எண்ணினேன்.

"பரவால்ல லியான்" என்றார் டோரீன். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கையில இருக்கற நல்லத வீசிட்டு, மாடிகன் பேர் போட்டத வெச்சுக்கறதுதான உன் பழக்கம்."

பந்தை உறைக்குள் திரும்ப வைத்தார். உட்கார்ந்து நெல்வினின் அடியை நோட்டில் குறித்தார். மீதி இரண்டு சுற்றையும் ஒரு பந்து விடாமல் குறித்தார். ஆட்டம் முடிந்ததும் என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மாமாவைப் பார்க்கவில்லை.

காரில் எழுத்து என்னுடையது என்று சொன்னேன். "எழுத்துல என்ன இருக்கு" என்றார் மாமா. 

குளிர்காலத்தில் மாமா மூன்று முறை டோரீனுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. நான் செய்தேன், எடுத்தார். "ஒங்க மாமாவ வேளைக்குச் சாப்பிடச் சொல்லு" என்று வைத்துவிட்டார். மாமாவிடம் முதலில் அதைச் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இந்த ஏப்ரலில் பலகைகளுக்கு முதுகு முளைத்திருக்கிறது. மாமா மூன்று மடங்கு கட்டி எங்கள் இரண்டு இடத்தையும் வைத்துக்கொண்டார். அதற்காகச் சனி, ஞாயிறும் வண்டி ஓட்டுகிறார். டோரீனின் இடத்தில் காப்பீடு விற்கும் இளைஞர் ஒருவர். நல்ல சட்டை, நல்ல பல். மாமாவின் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்து கைகொடுத்தார்.

"வானொலியில நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சார். இன்னும் ரெண்டு பெரிய ஆள வாங்கணும். காசு போட்டாத்தான் கோப்பை."

மாமா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லய்யா" என்றார். "பசங்கள வளக்கணும். அவனுங்க தப்பு பண்ணுவானுங்க, நாம திட்டணும், அப்படியே ஆளாவானுங்க. பொறுக்கணும்."

இளைஞர் தலையாட்டினார். "அதுவும் சரிதான் சார்."

"சரிதான்னு சொல்லாத. எதுத்துப் பேசு."

"நீங்க சொன்னா அதுக்கு மேல என்ன சார்" என்று சிரித்துவிட்டு, அவர் பீர் வாங்க எழுந்து போனார்.