டேப் விசையும் வைத்திக்குப்பத்துப் படகுகளும்

2006-ஆம் ஆண்டு. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ரத்தக் கொதிப்பு உண்டு. அதைவிடக் கொதிக்கும் கருத்துகளும் உண்டு.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் வகை. அலை உயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, வைத்திக்குப்பம் மீனவர் மையத்தின் திரையில் ‘கடலுக்குப் போகலாம்’ அல்லது ‘போக வேண்டாம்’ என்று காட்டும். சுனாமி பயம் விலகாத நேரம். குப்பத்தில் அந்தத் திரைக்குத் தனி மரியாதை.

ஆனால் உள்ளே நாங்கள் எழுதிய லட்சணம்! வரியின் தொடக்கத்தில் இடம்விட ஒருவர் டேப் விசையைத் தட்டுவார். இன்னொருவர் ஸ்பேஸ் பாரை எட்டு முறை தட்டுவார். எனக்கோ நான்கு இடைவெளிதான் அழகு. கோப்பைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வரும். படித்தவர்கள் செய்கிற வேலையா இது? குழு மடலில் பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளினேன். குழுவிலிருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் பதில் எழுதினார்: “சார், எல்லாரும் ஒக்காந்து பேசி ஒரு விதி எழுதிக்குவோம். அதுவரைக்கும் கை வெக்காதீங்க.”

என்னைப் பார்த்தா கை வைக்காதே என்பது? அந்தச் சனிக்கிழமை மாலையே எல்லாக் கோப்புகளிலும் டேப் இருந்த இடங்களை ஒரே கட்டளையில் நான்கு இடைவெளியாக மாற்றி, யாரையும் கேட்காமல் இணையத்தில் ஏற்றிவிட்டேன். மையத்துக் கணினி புதியதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

திங்கள் காலை மையத்திலிருந்து உடனே வரச்சொல்லி போன். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன். வாசலில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் காலிக் கூடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் மணலில் வரிசையாகப் படகுகள்.

“நீதானாய்யா இந்த போர்டுக்காரன்? கடல பாரு, தட்டு மாதிரி கெடக்குது. ரெண்டு நாளா போவாத, போவாதன்னே நிக்குது உன் போர்டு. எம் புருஷன் போறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் போர்ட காட்டி, புள்ளைங்க மேல சத்தியம் வாங்கி ஒக்கார வெச்சேன். கரையில ஒரு படகு நகரல. இன்னா பதில் சொல்ற?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா…” என்று இழுத்தேன்.

“கம்ப்யூட்டரு தானா பண்ணுச்சா, நீ பண்ணியா?”

உள்ளே ஓடி மையத்துக் கணினியின் முன் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். விரிவுரையாளரைக் கூப்பிடும் அவசரத்தில் போன் என்று நினைத்து மவுஸை எடுத்துக் காதில் வைத்தேன்.

“இவுருதான் கடலுக்கு ஜோசியம் சொல்றவரா!” என்றார் பின்னாலேயே வந்துவிட்ட அந்த அம்மாள்.

விரிவுரையாளர் வந்து பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். நாங்கள் எழுதிய மொழியில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை, வரிக்கு முன்னால் விடும் இடம்தான் தீர்மானிக்கும். கணினி ஒரு டேப்பை எட்டு இடைவெளியாக எண்ணும். நான் அவற்றை நான்காகச் சுருக்கியபோது, ஸ்பேஸ் பாரால் எட்டுத் தட்டி எழுதியிருந்த ஒரே ஒரு வரி நகராமல் நின்று, ‘அலை உயரமாக இருந்தால்’ என்ற நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டது. திரையில் செய்தியை மாற்றும் வரி அதுதான். ஆகவே அலை அடங்கிய பிறகும், சனிக்கிழமை வந்த எச்சரிக்கை அப்படியே உறைந்துவிட்டது. எந்த நாளின் எச்சரிக்கை என்று தெரியும்படி செய்தியில் தேதி போட வேண்டும் என்று எங்கள் ஆறு மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழைய பிரதியைத் திரும்ப ஏற்றினார். திரை ‘போகலாம்’ என்று மாறியது. அவர் என்னைத் திட்டவில்லை. “இப்பவாச்சும் விதி எழுதலாமா சார்?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே எழுதினோம். எல்லோரும் டேப் என்றார்கள். நான் ஒருவன்தான் நான்கு இடைவெளி. தோற்றேன். பார்க்க அசிங்கம்தான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டேப்தான் தட்டுகிறேன்.

என் அழகுணர்ச்சியால் அன்று தவறாக நின்றது ‘போக வேண்டாம்’. அதனால்தான் என்னைத் திட்ட ஒரு மனைவி கூடையோடு வந்தார். வேறொரு வரி மாட்டி, அலை பொங்கும் நாளிலும் ‘போகலாம்’ என்று நின்றிருந்தால் அந்த வாசலுக்கு அவர் எந்தக் கோலத்தில் வந்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம், எவ்வளவு கோபமிருந்தாலும், ஒரு வரியைத் தொடும் முன் கூட இருப்பவர்களைக் கேட்டுவிடுகிறேன்.