அக்காவின் கீரையும் என் தவறும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் அவரைப் பற்றி நம் ஊர்களில் ஒரு தவறான பேச்சும் உண்டு. "படிக்காதவ, எண்ணத் தெரியாம மாத்திரைய ரெண்டா போட்டுக்கினு ரத்தம் வுட்டுக்கினா" என்பார்கள். அது உண்மை இல்லை. அந்த ரத்தத்துக்குக் காரணம் நான். அதை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அக்கா பிறந்தது நெல்லிவாசல்நாட்டில், ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து ஏற வேண்டிய எங்கள் ஊரில். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் வருடத்தில் பாதி நாள் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் சாமைக் கொல்லை, ஆடுகள், நான், மூன்றும் அக்கா பொறுப்பு. அவர் பள்ளிக்கூடம் போகாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவருக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்ததாம். காய்ச்சல் விட்ட பிறகு முட்டி வீங்கியது. ஒரு முட்டி வற்றினால் இன்னொன்று வீங்கும். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று எண்ணெய் தேய்த்தார்கள். சில பிள்ளைகளுக்குத் தொண்டையில் வரும் அந்தக் கிருமி, முட்டியோடு நிற்காமல் இதயத்தின் கதவான வால்வு வரைக்கும் போகும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் அது உள்ளேயே இருந்து கதவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வெளியே அக்கா புளி மூட்டையைத் தலையில் வைத்து மலை இறங்கிக்கொண்டிருந்தார்.

என்னை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தது அக்காதான். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. ஆடு மேய்க்க ஆள் வேண்டுமே என்றார். "ஆட்ட நான் பாத்துக்கறேன், அவன் எழுத்தப் பாக்கட்டும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் நிறுத்தினார். நான் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். திரும்பிப் பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டே வந்திருப்பேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

திருமணமான பிறகுதான் மூச்சிரைப்பு தெரிந்தது. எங்கள் மாமா, அக்காவின் கணவர், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீப்பில் ஆலங்காயம் கூட்டிப் போனார், அங்கிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு. காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கெட்டுப்போன கதவை எடுத்துவிட்டு உலோகத்தால் ஆன கதவு ஒன்றை வைத்தார்கள். காது வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று கேட்கும். "வாட்சு ஒண்ண முழுங்கிட்டேன், மணி கேக்கறவங்க கேளுங்க" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மாத்திரையோடு பிள்ளை தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. மாமா அன்றைக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ இருந்தா போதும்." அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தவர்களையும் விடவில்லை.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். உலோகக் கதவில் ரத்தம் பட்டு உறைந்து கட்டியாகிவிடக் கூடாது. அதற்காக, உறையும் தன்மையைக் குறைக்கும் மாத்திரை. குறைவாக எடுத்தால் கட்டி சேரும். அதிகமானால் சின்னக் காயமும் நிற்காமல் ரத்தம் விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதையில் ஆயுள் முழுக்க நடக்க வேண்டும். அதற்குத்தான் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அக்காவுக்கு ஒரு நாள் ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்றரை. எழுத்துத் தெரியாத அவர் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு நாளுக்குச் சின்னக் கோடு, மறுநாளுக்குப் பெரிய கோடு போட்டார். ஐந்து வருடம் ஒரு கோடு தவறவில்லை.

அந்த ஐந்து வருடமும் அவர் கீரை சாப்பிட்டார். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை, முருங்கை என்று எங்கள் வீட்டில் களிக்கும் சாமைச் சோற்றுக்கும் கீரை கடையாத நாள் குறைவு. ரத்தம் சீராகவே இருந்தது.

அப்போது நான் கல்லூரியில் உணவும் ஊட்டச்சத்தும் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாடத்தில் வைட்டமின் கே வந்தது. ரத்தம் உறைவதற்கு அது வேண்டும், பச்சைக் கீரைகளில் நிறைய இருக்கிறது, உறையாமல் வைக்கும் மாத்திரையின் வேலையை அது எதிர்க்கும் என்று படித்தேன். அக்கா தினமும் மாத்திரையைச் சாப்பிட்டு, அதைக் கெடுக்கும் கீரையையும் சாப்பிடுகிறாரே என்று பயந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை. சனிக்கிழமை பஸ் பிடித்து, ஜீப் பிடித்து, நடந்து ஊருக்கு வந்தேன்.

புரட்டாசி மழையில் கொல்லை முழுக்கக் கீரை தளதளவென்று நின்ற நேரம். வீட்டுக்குள் நுழைந்ததும், இனிமேல் கீரை கூடாது என்றேன். அக்கா படிக்க மாட்டார் என்பதால் ஒரு தாளில் கீரைக் கட்டு ஒன்றை வரைந்து அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, கரிக்கோடுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாமா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். அக்கா அவரை அடக்கினார். "அவன் அதுக்குன்னே படிக்கிறான். அவனுக்குத் தெரியாதா?"

அவர் ஒரு இலை கூடத் தொடவில்லை. மாமாவுக்குக் கடைந்து வைத்துவிட்டுத் தான் வெறும் புளிச்சாறு ஊற்றிக்கொண்டாராம்.

மூன்று வாரம் கழித்து, குச்சியில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. பிறகு விறகு உரசிய இடமெல்லாம் கையில் நீலம் நீலமாகக் கன்றியது. ஒரு காலை மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. மாமா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். ஆலங்காயத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் புடவைத் தலைப்பு முழுக்க ரத்தம். என்னைப் பார்த்ததும், பரீட்சை நேரத்தில் ஏன் வந்தாய் என்று கேட்டார்.

வழக்கமாக அவரைப் பார்க்கும் பெண் டாக்டர், சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். மாத்திரை கூடியதா, வேறு வலி மாத்திரை போட்டதுண்டா, நாட்டு மருந்து எதுவும் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில், "சாப்பாட்டுல எதாவது மாத்தினீங்களாமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "கீரைய வுட்டுட்டேன் மேடம். தெனம் துன்னு துன்னு சலிச்சிப்போச்சி. நானேதான் வுட்டேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "நீங்க தெனமும் கீரை சாப்பிடறவங்க. அந்தக் கீரையோட சேர்த்துப் பார்த்துத்தான் இந்த மாத்திரை அளவு வெச்சிருக்கோம். தராசுல ஒரு தட்டுல கீரை, ஒரு தட்டுல மாத்திரை. நீங்க கீரையை எடுத்துட்டா, மாத்திரைத் தட்டு கீழ போயிடும் இல்ல? கீரை விஷம் இல்லமா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். ஒரே அளவா சாப்பிடுங்க."

நான் திருப்பாமல் விட்ட அடுத்த பக்கத்தில் இருந்தது இதுதான். பிறகு எடுத்துப் பார்த்தேன். நாலே வரி.

அந்த அறையில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரத்தம் நின்று, நாலு நாள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது, ஜீப்பின் பின்சீட்டில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி அவர் என் காதருகே குனிந்தார்.

"நம்ம ஊர்ல காலேஜு போன மொத ஆளு நீ. நீ சொல்லித்தான் இப்டி ஆச்சின்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன்டா புள்ளய படிக்க அனுப்புவான்? படிச்சவன் அக்காவயே சாவடிக்கப் பாத்தான்னுதான் சொல்லுவானுங்க. வாய மூடிக்கினு போய் மிச்சத்தப் படி."

மாமாவிடமும் சத்தியம் வாங்கி வாயை அடக்கிவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? காரணம் தெரியாத இடத்தில் ஊர் ஒரு காரணத்தை வைத்தது. மாத்திரை எண்ணத் தெரியாதவள் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. அதை அதிகம் சொன்னவர் எங்கள் பெரியம்மா. கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் பந்தியில் அக்கா உட்கார்ந்ததும், "ஏன்டி, இன்னிக்கு ஒண்ணா ரெண்டா? யாராவது எண்ணிக் குடுங்கடி அவளுக்கு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். ஏழு வருடம் குனிந்திருந்தேன்.

எண்ணத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய அக்கா செய்ததைச் சொல்கிறேன். ஒரே அளவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் கீரை கொட்டிக் கிடக்கும், பங்குனி சித்திரையில் மலையில் பச்சையே இருக்காது. மழையில் பறித்துக் காயவைத்தால் கோடைக்கு ஆகும். ஆனால் காய்ந்த கீரை சுருங்கிவிடும், கைப்பிடியால் அளந்தால் ஏமாற்றும். அக்கா என்ன செய்தார் தெரியுமா? பச்சையாக இருக்கும்போதே ஒரு நாள் அளவைப் பிரித்து, ஒவ்வொரு நாளையும் தனித்தனி முடிச்சாகக் கட்டி, நிழலில் காயவைத்தார். காய்ந்து எவ்வளவு சுருங்கினாலும் ஒரு முடிச்சு ஒரு நாள். எங்கள் கல்லூரியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. டாக்டரிடம் ஒரு முடிச்சைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அதைத் தன் மேசையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அடுத்தடுத்த சோதனைகளில் ரத்தம் சீராக வந்தது. போளூரில் ஒரு கல்யாணத்தில் வடை, பாயசத்துக்கு நடுவே அக்கா மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக் கீரையை இலையில் வைத்துக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கலாம். சீர் கொண்டு வந்திருக்கிறாள் என்று மாமா கிண்டல் செய்தார்.

நான் இன்று கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். யார் வந்தாலும் எதைச் சாப்பிடாதே என்று நான் ஆரம்பிப்பதில்லை. இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், மழையில் என்ன, வெயிலில் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது. இதைப் படிப்பவர்களின் வீட்டில் இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், என்னைப் போன்ற அரைகுறை சொல்வதைக் கேட்டு உணவை மாற்றாதீர்கள். உங்கள் தட்டில் இருப்பதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சென்ற வருடம் ஆனி மாதத்தில் அக்காவுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. ஆடி பிறந்ததும் காலில் வீக்கம் ஏறியது. இதயத்தின் சதையே தளர்ந்துவிட்டது, கதவு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். கடைசியாக எடுத்த சோதனையில்கூட ரத்தம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அதை அக்காவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். அதற்கடுத்த இரண்டாம் நாள் மத்தியானம், மாமா கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, தூங்குவதுபோலப் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது.

அக்காவைத் தங்கைபோல் பார்த்துக்கொண்ட டாக்டர் அவர்களுக்கும், ஊசி போடும்போதெல்லாம் கதை பேசி அவரைச் சிரிக்கவைத்த நர்ஸ் அம்மாவுக்கும், ராத்திரி பகல் பாராமல் வண்டி எடுத்த ஜீப் ஓட்டும் பாய் அவர்களுக்கும், அக்காவைக் கட்டிலோடு தூக்கி மலை இறக்கிய எங்கள் ஊர்ப் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால் சொல்லவில்லை.

ஒருவர் பாக்கி. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். அவருக்கும் எழுத்துத் தெரியாது. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே கையை நிறுத்திவிட்டார். அவருடைய பேத்திதான் இந்த வருடம் நர்சிங் படிப்பில் சேர்ந்திருக்கிறாள்.

"உன்னப் பாத்துதான்டா அவள அனுப்புனேன்" என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொன்னதெல்லாம் பந்தியில. நீ பொஸ்தகத்துல எழுதினா எத்தினி பேருக்குத் தெரியும்? நம்ம சனத்துல பாதிக்கு மேல படிக்காததுங்க. நான் எங்க சொன்னனோ அங்கியே மாத்திச் சொல்றேன்" என்றார்.

ஆகவே உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மதியம் படையல் முடிந்து பந்தி உட்கார்ந்ததும் பெரியம்மா எழுந்து நின்று பேசுவார். இலையில் எல்லாம் பரிமாறியிருந்தாலும், அவர் சொல்லி முடிக்கும் வரை தயவுசெய்து யாரும் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

அன்புத் தம்பி